பெரிய மணிக்குக் கூடுதல் விலை தரலாமா? பழைய வண்ணாரப்பேட்டையின் கோதுமைக் கடை ஒன்றைப் பற்றி

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டின் துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி உள்ளே செல்லும் தெருக்களில் ஒன்றில், தானியங்களைச் சில்லறையாக விற்று அங்கேயே அரைத்தும் கொடுக்கும் கடை ஒன்று இருக்கிறது. பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் அதைத் தவிர்க்கிறேன். ஷர்பதி, லோக்வான், சம்பா ஆகிய மூன்று கோதுமைகளையும் வாய் திறந்த மூட்டைகளில் அருகருகே வைத்து, அள்ளிப் பார்த்து வாங்கும் வசதியை இந்தக் கடை இன்னும் தருகிறது. தண்டையார்பேட்டை, ராயபுரம், காசிமேடு பக்கத்து மக்கள் நல்ல கோதுமைக்காக சௌகார்பேட்டை வரை போய்த் திரும்பும் அலைச்சலை இது குறைக்கிறது என்பதே இதைப் பற்றி எழுத எனக்குப் போதுமான காரணம்.

ஆனால் இங்கே நான் முதன்மையாக மதிப்பிட விரும்புவது கடையின் விலை முறையை. இந்தக் கடையில் கோதுமையின் விலை ரகத்தை மட்டும் பொறுத்ததன்று, மணியின் அளவையும் பொறுத்தது. ஒரே லோக்வான் மூட்டையைச் சல்லடையில் போட்டு, மேலே தங்கும் பருமனான மணிகளை ‘முதல் ரகம்’ என்றும், கீழே விழுபவற்றை ‘இரண்டாம் ரகம்’ என்றும் பிரித்து, இரண்டுக்கும் வெவ்வேறு விலை எழுதி வைத்திருக்கிறார்கள். விலை வேறுபாடு அலட்சியப்படுத்தும் அளவுக்குச் சிறியதும் அன்று. அந்தக் கூடுதல் பணத்துக்கு வாங்குபவருக்குக் கிடைப்பது என்ன என்ற கேள்விக்கு விடை காண வேண்டுமானால், கோதுமை மணியின் அளவு எப்போது, எங்கே தீர்மானிக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். பெருமளவு அது பூவுக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது என்பதே நான் சொல்ல வருவது.

இதைக் கடைக்காரரிடமே கேட்டேன். “நல்லா உரம் போட்ட வயல் டீச்சர், அதான் மணி இவ்ளோ பெருசு” என்றார். “அண்ணாச்சி, ரெண்டும் ஒரே மூட்டையிலேர்ந்துதானே வந்துச்சு?” என்றதற்கு அவர் சிரித்தாரே தவிர மறுக்கவில்லை. தழைச்சத்தை, அதாவது நைட்ரஜன் உரத்தை, மிகுதியாக இட்டால் பொதுவாகக் கூடுவது மணிகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு மணியின் எடையும் அதே அளவில் உயர்ந்துவிடுவதில்லை. சில வேளைகளில் எண்ணிக்கை கூடும்போது சராசரி எடை குறைவதும் உண்டு. அது ஏன் என்பதற்கான விடையும் பூவுக்குள்தான் இருக்கிறது.

கோதுமைக் கதிர் என்பது ஒரு நடுத்தண்டின் இருபுறமும் மாறி மாறி அடுக்கப்பட்ட சிறுகதிர்களின் தொகுப்பு. ஒவ்வொரு சிறுகதிரிலும் பல சிறுபூக்கள் தோன்றத் தொடங்குகின்றன. எட்டுக்கும் மேற்பட்டவை தொடங்கினாலும், சப்பாத்திக் கோதுமையில் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து வரைதான் மணியாக முடிகின்றன. இந்தச் சிறுபூவில் கண்ணைக் கவரும் இதழ்கள் கிடையாது. இரண்டு உமிச்செதில்களுக்கு நடுவே மூன்று மகரந்தத் தாள்களும், இறகு போன்ற இரட்டைச் சூல்முடியைத் தாங்கிய, பின்னர் மணியாக வளரும் ஒரு சூற்பையும் மட்டுமே இருக்கும். கோதுமை பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்துகொள்வது. வயலில் மஞ்சள் நிற மகரந்தப்பைகள் வெளியே தொங்குவதைப் பார்த்து ‘பூத்துவிட்டது’ என்று நாம் சொல்லும் வேளையில், உள்ளே மகரந்தச் சேர்க்கை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

மணியின் அளவைப் பற்றிய பொதுவான எண்ணம், பூத்த பிறகு ஏறத்தாழ ஒரு மாதத்துக்கும் சற்று மேலாக நீடிக்கும் பால் பிடிக்கும் பருவத்தில்தான் அது முழுவதும் முடிவாகிறது என்பது. மணியின் எடையில் பெரும்பங்கான மாவுச்சத்து அந்தப் பருவத்தில்தான் சேர்கிறது என்பதால் இந்த எண்ணம் இயல்பானதே. ஆயினும் அந்த மாவுச்சத்து எவ்வளவு இடத்தில் சேர முடியும் என்பது அதற்கு முன்பே, கருவுறுதலுக்கும் முந்தைய நாட்களில், சூற்பை எவ்வளவு வளர்ந்தது என்பதைப் பெருமளவு சார்ந்திருக்கிறது. கதிர் இன்னும் இலையுறைக்குள் மறைந்திருக்கும் பருவத்திலிருந்து பூக்கும் நாள் வரை சூற்பை வேகமாக வளர்கிறது. பூக்கும் நாளில் அதன் எடை கூடுதலாக இருந்தால் அறுவடையில் அந்த மணியின் எடையும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஓர் உவமை சொல்லலாம்: தலையணை உறை எந்த அளவில் தைக்கப்பட்டதோ அதற்குள்தான் பஞ்சை அடைக்க முடியும், சூற்பையின் சுவர்தான் அந்த உறை.

1999 இல் பயிர் ஆய்வாளர்களான டேனியல் கால்டெரினி, குஸ்தாவோ ஸ்லாஃபர் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. பூப்பதற்கு முந்தைய குறுகிய காலத்தில் மட்டும் கதிர்களுக்குக் கூடுதல் வெப்பம் தந்து, பூத்த பிறகு வழக்கமான சூழலிலேயே வளரவிட்டபோதும், இறுதி மணி எடை குறைந்தது. மாவுச்சத்து சேரத் தொடங்கும் முன்பே வெப்பம் விலகிவிட்டது என்பதால், சேதம் சூற்பையின் வளர்ச்சியில் நேர்ந்திருக்க வேண்டும் என்பதே பொருத்தமான விளக்கமாக இருந்தது. வெப்பம் கூடும்போது பயிரின் வளர்ச்சிப் படிகள் விரைவாக நகர்ந்துவிடுகின்றன. சூற்பை பெருக்க வேண்டிய நாட்கள் குறைந்து, அது சிறியதாக இருக்கும்போதே பூக்கும் நாள் வந்துவிடுகிறது.

நெல் உண்ணும் நமக்கு இதில் ஒரு வேறுபாடு ஆர்வமூட்டக்கூடும். நெல்லில் உமி ஒரு கெட்டியான பெட்டியாக அமைந்து, அரிசியின் நீள அகலங்களுக்கு எல்லை வகுத்துவிடுகிறது. கோதுமையின் உமி அவ்வளவு இறுக்கமானதன்று. அங்கே எல்லை வகுப்பதில் சூற்பையின் சுவருக்கே பெரிய பங்கு. 2007 இல் நெல்லில் கண்டறியப்பட்ட ஜி.டபிள்யூ.2 என்னும் மரபணு, செல்கள் பெருகுவதற்குக் கடிவாளம் போடும் ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. அது செயலிழந்த நெல்லில் உமி அகன்று அரிசியும் அகலமாகிறது. அதே மரபணுவின் கோதுமை வடிவங்களில் ஒன்று செயலிழந்த செடிகளில், கருவுறும் முன்பே சூற்பைகள் பெரிதாக இருந்தன. மணிகள் நீளத்திலும் அகலத்திலும் கூடி, ஆயிரம் மணிகளின் எடை சராசரியாக 6.6 விழுக்காடு உயர்ந்தது. 2016 இல் வெளிவந்த இந்த முடிவு, மணியின் அளவைப் பூவின் தொடக்கப் பருவத்திலேயே தேட வேண்டும் என்பதற்கு மரபணு வழியில் கிடைத்த வலுவான சான்றுகளுள் ஒன்று.

இனிச் சல்லடைக்குத் திரும்பலாம். ஒரே வயலில், ஒரே செடியில், ஒரே கதிரில் கூட மணிகள் ஒரே அளவில் இருப்பதில்லை. சிறுகதிரின் அடியில் உள்ள முதல் இரண்டு சிறுபூக்கள் முன்னதாகத் தோன்றி, அதிக நாட்கள் வளர்ந்து, பெரிய சூற்பைகளோடு பூக்கின்றன. அவற்றின் மணிகளே பருமனானவை. மூன்றாவது, நான்காவது சிறுபூக்கள் தாமதமாகத் தொடங்கியும் ஏறத்தாழ அதே வேளையில் பூத்துவிடுவதால், அவற்றின் சூற்பைகள் சிறியவை, மணிகளும் சிறியவை. கதிரின் நடுப்பகுதிச் சிறுகதிர்களுக்கும் நுனி, அடிப்பகுதிச் சிறுகதிர்களுக்கும் இடையிலும் இதே போன்ற வேறுபாடு உண்டு. ஆகவே இந்தக் கடையில் ‘முதல் ரகம்’ என்று விற்கப்படுவது, பெரும்பாலும், கதிர்களின் நடுவில் இருந்த சிறுகதிர்களின் முதல் இரண்டு மணிகள். ‘இரண்டாம் ரகம்’ என்பது அவற்றின் உடன்பிறப்புகள். விதையும் மண்ணும் நீரும் ஒன்றே. மணி எண்ணிக்கை கூடும்போது சராசரி எடை குறைவதற்கும் இதுவே ஒரு முக்கியக் காரணம்: புதிதாகச் சேரும் மணிகள் பெரும்பாலும் இந்தப் பின்வரிசைப் பூக்களிலிருந்தே வருகின்றன.

அப்படியானால் கூடுதல் விலை வீணா? சப்பாத்திக்கு வாங்குபவருக்கு வீண் என்றே சொல்வேன். முழுக்கோதுமையை அரைத்துச் சலிக்காமல் பயன்படுத்தும் வீட்டில், இரண்டு ரகங்களின் மாவையும் பிசைந்து பார்த்ததில், சப்பாத்தியின் மென்மையிலோ உப்புதலிலோ குறிப்பிடும்படியான வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் ரகத்தின் மாவு சற்றுக் கருமையாக இருந்தது, அவ்வளவே. சிறிய மணியில் எடையோடு ஒப்பிடும்போது தோலின் பங்கு கூடுதல் என்பதால் அந்த நிறம் எதிர்பார்க்கத்தக்கது. ரவைக்கோ, சலித்து வெள்ளையாக எடுக்கும் மாவுக்கோ வாங்குபவர் கதை வேறு. பருமனான மணியில் தவிடு குறைவாகவும் உள்ளிருக்கும் மாவுப்பகுதி கூடுதலாகவும் கிடைப்பதால், அங்கே முதல் ரகத்தின் விலை ஓரளவு நியாயமாகிறது. கோதுமையை முழுதாக வேகவைத்துப் பாயசம் செய்பவர்களுக்கும் ஒரே சீரான பெரிய மணி நல்லது, ஏனெனில் எல்லாம் ஒன்றாக வேகும்.

அளவைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும், அதைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை. சிறிய மணி வேறு, சுருங்கிய மணி வேறு. கருவுற்ற பின் முதலில் நீளுவது சூற்பைச் சுவரிலிருந்து வரும் கனித்தோல். சுமார் இரண்டு வாரங்களுக்குள் மணி தன் முழு நீளத்தை ஏறக்குறைய எட்டிவிடுகிறது. அகலமும் கனமும் அதன் பின்னும் கூடிக்கொண்டிருக்கும். எனவே நீளம் குறைந்து, ஆனால் வயிறு பருத்து, தோல் மழமழப்பாக இருக்கும் மணி, சிறிய பூவில் பிறந்து நன்றாக நிரம்பிய மணி. அதில் குறை ஒன்றும் இல்லை. நீளம் சரியாக இருந்தும், வயிறு ஒட்டி, தோல் சுருக்கம் விழுந்து, நடுக்கோடு ஆழமாகப் பிளந்து தெரியும் மணி, பூவில் நன்றாகத் தொடங்கி, பால் பிடிக்கும் பருவத்தில் வெப்பத்தாலோ வறட்சியாலோ நோயாலோ பட்டினி கிடந்த மணி. முன்னதைத் தயங்காமல் வாங்கலாம். பின்னதில் தவிடு மிகுதி, மாவு குறைவு. மலிவாகக் கிடைத்தாலும் எடுக்க வேண்டியதில்லை.

2022 ஆம் ஆண்டு இதை நாடு முழுவதும் பார்த்தது. அந்த ஆண்டின் மார்ச் மாதம், 1901 இல் பதிவுகள் தொடங்கிய காலம் முதல் இந்தியாவின் மிக வெப்பமான மார்ச். பஞ்சாப், ஹரியாணா வயல்களில் பயிர் பூத்து முடித்துப் பால் பிடித்துக்கொண்டிருந்த வேளையில் வெப்பம் தாக்கியதால், மணிகள் சுருங்கின. அரசுக் கொள்முதலில் சுருங்கிய மணிகளுக்கான வரம்பை 6 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக மத்திய அரசு தளர்த்த வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு மே மாதத்தில் கோதுமை ஏற்றுமதிக்கும் தடை வந்தது. அதே வெப்பம் சில வாரங்கள் முன்னதாக, கதிர் இலையுறைக்குள் இருக்கும்போது வந்திருந்தால், விளைவு சுருக்கமாக அன்றி, மணிகளின் எண்ணிக்கைக் குறைவாகவும் சிறிய அளவாகவும் வெளிப்பட்டிருக்கும். மூட்டைக்குள் கைவிட்டு அள்ளும்போது, அந்த ஆண்டின் பருவநிலை எப்போது கெட்டது என்பதையே நாம் ஒருவாறு வாசித்துவிட முடிகிறது. இந்தக் கடையில் நான் பார்த்த லோக்வானில் சுருங்கியவை மிகக் குறைவு என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

லோக்வான் என்று சந்தையில் அறியப்படும் லோக்-1, குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் சனோசராவில் உள்ள லோக்பாரதி நிறுவனத்தில் உருவானது. பருமனான மணியே அதன் அடையாளம். ஷர்பதி அப்படிப்பட்டதன்று. மத்தியப் பிரதேசத்தின் சீஹோர், விதிஷா பகுதிகளின் கரிசல் மண்ணில், குறைந்த நீரில் விளையும் இந்தக் கோதுமைக்கு 2023 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொன் நிறமும் பளபளப்பும் கொண்ட மணி. லோக்வானுக்குப் பக்கத்தில் வைத்தால் அளவில் அது பெரிதாகத் தோன்றுவதில்லை. கடையில் இதன் விலை மற்ற எல்லாவற்றையும் விட உயர்வு. அந்த விலையை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனெனில் அது அளவுக்கான விலையன்று: மாவு நிறைய நீர் பிடிக்கிறது, சப்பாத்தி மாலை வரை மென்மையாக இருக்கிறது, மெல்லிய இனிப்பும் உண்டு. மணி பெரிதாக இருந்தால்தான் நல்ல கோதுமை என்று நினைப்பவர்கள் இந்த மூட்டையைப் பார்த்துவிட்டு லோக்வானிடம் போய்விடுகிறார்கள். சப்பாத்தியைப் பொறுத்தவரை அவர்கள் இழப்பது அதிகம்.

மூன்றாவது மூட்டையான சம்பாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நீண்டு, சிவந்து, நுனி கூர்ந்த இந்த மணி வேறு இனத்தைச் சேர்ந்தது; சப்பாத்திக் கோதுமைக்கு 42 குரோமோசோம்கள் என்றால் இதற்கு 28. கர்நாடகம், மகாராஷ்டிரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் பயிரிடப்படும், எம்மர் எனப்படும் இந்தக் கோதுமை இனத்தில், சிறுகதிருக்குப் பெரும்பாலும் இரண்டு மணிகள்தான் இருக்கும். உமியும் எளிதில் விடாது, அதனால் அதைத் தனியாக நீக்க வேண்டும். நீலகிரியின் வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் இவ்வகையில் புதிய ரகங்களை உருவாக்கியிருக்கிறது. சிறுகதிருக்கு இரண்டு பூக்கள் மட்டுமே மணியாவதால், பின்வரிசைச் சிறுமணிகள் இங்கே குறைவு. மூட்டைக்குள் மணிகள் ஒரே சீராகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று கொள்ளலாம். கடைக்காரர் இதைச் சல்லடையில் பிரிப்பதில்லை, பிரித்தாலும் பயனில்லை.

நீண்ட மணி என்றதும் போலந்துக் கோதுமை என்னும் இனம் நினைவுக்கு வருகிறது. நம் கடைகளில் அது கிடைப்பதில்லை. ஆனால் பூவுக்கும் மணிக்கும் உள்ள உறவை விளக்க அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. அதன் உமிகள் அசாதாரணமாக நீண்டவை, மணிகளும் நீண்டவை. இங்கிலாந்தின் நாரிச்சில் உள்ள ஜான் இன்னஸ் மையத்தில் கிறிஸ்டோபல் உவாயியின் குழுவினர் 2021 இல் இதற்கான காரணத்தை வெளியிட்டனர்: வி.ஆர்.டி.2 என்னும் மரபணுவின் முதல் இன்ட்ரான் (புரதத்துக்கான குறிப்பு இல்லாத இடைத்துண்டு) பகுதியில் நேர்ந்த மாற்றத்தால், பூ உருவாகும்போது அடங்கிவிட வேண்டிய அந்த மரபணு தொடர்ந்து இயங்குகிறது; உமிகளும் சூற்பையும் மணியும் நீளுகின்றன. மரபணு எவ்வளவு மிகுதியாக இயங்குகிறதோ அவ்வளவுக்கு நீளமும் கூடுகிறது. பூ உருவாகும் தொடக்கக் கட்டத்துக்கு உரிய ஒரு மரபணு, பல வாரங்கள் கழித்து அறுவடையாகும் மணியின் வடிவத்தை மாற்றுகிறது என்பதை இது ஐயமின்றிக் காட்டுகிறது.

பூவின் அடையாளத்தை வாங்குபவரும் நேரில் காணலாம். எந்தக் கோதுமை மணியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், முளை இருக்கும் முனைக்கு எதிர்முனையில் வெண்மையான நுண்மயிர்க் கொத்து ஒன்று தெரியும். அது சூற்பையின் உச்சியில் இருந்த மயிர்தான். மணியின் தோலும் அப்படியே: நாம் தவிடு என்று சலித்து ஒதுக்குவதன் வெளியடுக்கு, கருவுறும் முன்பே தாய்ச்செடி உருவாக்கிய சூற்பைச் சுவர். மணி நன்றாக உலர்ந்து, கையாளும்போது அதிகம் உரசாமல் வந்திருந்தால் இந்த மயிர்க்கொத்து முழுமையாக இருக்கும். கடையில் ஷர்பதியில் அது நன்றாகத் தெரிந்தது. சம்பாவில் உமி நீக்கும் இயந்திரத்தில் பெரும்பாலும் தேய்ந்துபோயிருந்தது.

பெரிய சூற்பை கொண்ட ரகங்களைத் தேர்ந்தெடுத்தால் பெரிய மணிகளும் மிகுந்த விளைச்சலும் கிடைத்துவிடாதா என்று கேட்கலாம். சிக்கல் என்னவென்றால், பூவின் அளவைக் கூட்டினால் பூக்களின் எண்ணிக்கை குறையும் போக்கு உண்டு. ஒன்றைக் கூட்ட மற்றொன்று குறைகிறது. 2021 இல் கால்டெரினியும் அவருடைய சக ஆய்வாளர்களும் செல்சுவரைத் தளர்த்தும் எக்ஸ்பான்சின் என்னும் புரதத்தை, வளரும் விதையில் மட்டும் கூடுதலாக இயங்கச் செய்து, வயல் சோதனையில் மணி எடையை 12.3 விழுக்காடும் விளைச்சலை 11.3 விழுக்காடும் உயர்த்திக் காட்டினர். பூக்களின் எண்ணிக்கை முடிவான பிறகு மணியை நீட்டியதால், எண்ணிக்கையில் இழப்பு நேரவில்லை.

வீட்டில் டிஜிட்டல் தராசு உள்ளவர்கள், உடையாத மணிகளில் 500 ஐ எண்ணி எடைபோட்டு இரண்டால் பெருக்கிப் பார்க்கலாம். நம் சந்தையின் பெரும்பாலான சப்பாத்திக் கோதுமை ரகங்களில் ஆயிரம் மணிகளின் எடை 35 முதல் 45 கிராம் வரை இருக்கும். முதல் ரகம் என்று வாங்கியது இந்த எல்லையின் மேற்பகுதியில் இல்லை என்றால் கேள்வி கேட்கலாம். இந்தக் கடையைப் பொறுத்தவரை அந்தத் தேவை எனக்கு எழவில்லை.

அரைவையைப் பற்றி இரண்டு சொற்கள். கல் பொறுக்கிச் சுத்தம் செய்து அரைத்துத் தருகிறார்கள். ஆனால் கூட்டம் மிகும் ஞாயிற்றுக்கிழமைகளில் இயந்திரத்தை ஓய்வின்றி ஓட்டுவதால் மாவு மிகச் சூடாக வருகிறது, முந்தையவரின் கேழ்வரகு மாவும் சற்றுக் கலந்துவிடுகிறது. வார நாளில் காலையில் போவது நல்லது. மாவை வீட்டுக்கு வந்ததும் அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்ட பின்பே டப்பாவில் அடைக்க வேண்டும். சப்பாத்திக்கு ஷர்பதி, அது கட்டுப்படியாகாவிட்டால் லோக்வானில் இரண்டாம் ரகம். ரவைக்கு முதல் ரகம். உப்புமாவுக்கும் பாயசத்துக்கும் சம்பா. சம்பா மூட்டை மாதக் கடைசியில் தீர்ந்துபோவது வழக்கம் என்பதால், தேவைப்படுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்தால் கடைக்காரர் எடுத்துவைக்கிறார்.